ரொஸ்ஸுல்: ஒரு ஹங்கேரியச் சொல்லை எங்கே வைப்பது, எப்படிச் சொல்வது

‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்பதற்கு ஹங்கேரிய மொழியில் ‘ரொஸ்ஸுல் வத்யொக்’ என்பார்கள். அதில் ‘உல்’ என்ற ஒட்டை விழுங்கிவிட்டு ‘ரொஸ்ஸ் வத்யொக்’ என்று சொன்னால், ‘நான் கெட்டவன்’ என்று பொருளாகிவிடும். கேட்பவர் சிரிக்க மாட்டார், குழம்பிப் போவார். மயக்கம் வருகிற நேரத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

டெப்ரெட்ஸென், ஸெகெத், பேச் நகரங்களின் பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்கள் பலர் மருத்துவம் படிக்கிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் படுக்கையில் இருக்கும் நோயாளி பேசுவது ஹங்கேரியன்தான். அங்கே நாள் முழுக்கக் காதில் விழும் சொற்களில் ஒன்று இந்த ரொஸ்ஸுல். அகராதியில் பார்த்தால் ‘மோசமாக, தவறாக’ என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பார்கள். அந்த இரண்டை மட்டும் நம்பிப் பேசத் தொடங்கினால் நாலாவது வாக்கியத்திலேயே தடுமாறுவோம்.

முதலில் உச்சரிப்பு. ரோமன் எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஏழு எழுத்து: ஆர், ஓ, எஸ், எஸ், இஸட், யூ, எல். ஹங்கேரிய மொழியில் எஸ் தனியாக வந்தால் ‘ஷ்’. எஸ்ஸும் இஸட்டும் சேர்ந்து வந்தால்தான் ‘ஸ்’. புதபெஷ்ட் என்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தலைநகரைச் சொல்வது இதனால்தான். நம் சொல்லில் வருவது இரட்டை ‘ஸ்ஸ்’. எஸ்-இஸட் இணையை இரட்டிக்கும்போது முதல் எழுத்தை மட்டும் இரட்டித்து எஸ்-எஸ்-இஸட் என்று எழுதுவார்கள். ஓர் எஸ்ஸை விட்டுவிட்டு எழுதுவது தொடக்கநிலையில் எல்லாரும் செய்யும் பிழை. வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மறைந்திருந்த இஸட் திரும்பி வந்துவிடும்: முதல் வரியில் ‘ரொஸ்’, அடுத்த வரியில் ‘ஸுல்’, இரண்டிலும் எஸ்-இஸட் முழுதாக. தமிழருக்கு இந்த இரட்டிப்பு கஷ்டமே இல்லை. ‘பாசி’க்கும் ‘பாய்ச்சி’க்கும் வேறுபாடு கேட்கத் தெரிந்த காது நம்முடையது; ‘ஸ்ஸு’வில் ஒரு கணம் நின்று போனால் போதும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்: ரொஸ்-ஸுல்.

இந்தக் கட்டுரையில் ஹங்கேரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் சில ஏற்பாடுகள் தேவை. உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றையாக வரும் க, த, ப மென்மையாக ஒலிக்கும்; ‘த்த’, ‘க்க’ என்று இரட்டித்திருந்தால் வல்லொலி. ‘த்ய’ என்று வருவது நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் மெல்லிய ‘த்ய’. குறில் ‘அ’ நம் அகரம் போல முழுதாகத் திறக்காது. உதடு கொஞ்சம் குவிந்து ஒகரத்தின் பக்கம் சாயும்.

இனி சொல்லின் கட்டு. ‘ரொஸ்ஸ்’ என்றால் கெட்ட, மோசமான, தவறான. அதோடு ‘உல்’ சேர்ந்தால் வினையடை. தமிழில் ‘மோசம்’ என்பதோடு ‘ஆக’ சேர்ந்து ‘மோசமாக’ ஆவது போலத்தான். இந்த ஒப்பீடு மேலோட்டமானது இல்லை, இன்னும் ஓரிரண்டு இடத்தில் அப்படியே பொருந்தும். ‘பேல்த’ என்றால் எடுத்துக்காட்டு; ‘பேல்தாவுல்’ என்றால் எடுத்துக்காட்டாக. ‘ஃபெலெஷேக்’ என்றால் மனைவி. அதோடு இதே ஒட்டு சேர்ந்தால் ‘மனைவியாக’, அந்த வடிவத்தைத்தான் ‘மணந்துகொண்டான்’ என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சாயல்களை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை ஹங்கேரியனும் ஃபின்னிஷும் சேர்ந்த கூட்டத்தோடு ஒப்பிட்டார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்பதில்லை. இரண்டும் ஒட்டு மேல் ஒட்டு வைத்துக் கட்டும் மொழிகள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பழக்கம் கற்கும்போது பெரிய உதவி.

மொழிப்பெயர்களோடும் இதே ‘உல்’ வரும். மத்யர் என்றால் ஹங்கேரியன், ‘மத்யருல்’ என்றால் ஹங்கேரிய மொழியில். தமிழில் என்பதற்கு ‘தமிலுல்’. அதனால் ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘உல்’ வருவது சகஜம்:

‘மேக் ரொஸ்ஸுல் பெஸேலெக் மத்யருல்.’ இன்னும் நான் ஹங்கேரியன் மோசமாகத்தான் பேசுகிறேன்.

முதல் வாரமே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய வாக்கியம் இது. கடைக்காரர் வேகத்தைக் குறைத்துப் பேசுவார்.

ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான பெயரடைகள் ‘அன்’, ‘என்’ என்ற ஒட்டைத்தான் எடுக்கும்: வேகமான ‘த்யொர்ஷ்’, வேகமாக ‘த்யொர்ஷன்’, அழகான ‘ஸேப்’, அழகாக ‘ஸேப்பென்’. அதைப் பார்த்து ‘ரொஸ்ஸன்’ என்று போட்டுவிடக் கூடாது. ‘உல்’ எடுப்பவை ஒரு சிறு கூட்டம்: மொழிப்பெயர்கள், ‘இல்லாத’ என்று பொருள் தரும் ‘த்லன்’, ‘தலன்’ முடிவுடைய சொற்கள் (எதிர்பாராத ‘வாரத்லன்’, எதிர்பாராமல் ‘வாரத்லனுல்’), பிறகு ரொஸ்ஸ் போன்ற சில தனிச்சொற்கள். இதன் எதிர்ச்சொல்லும் ஒழுங்கு மீறியதுதான்: நல்ல ‘யோ’, நன்றாக ‘யோல்’.

பொருளைத் தீர்மானிப்பது வினை

தமிழில் ‘மோசமாகப் பாடினான்’ என்றால் குரல் சரியில்லை. ‘தப்பாகப் பாடினான்’ என்றால் ராகமோ வரியோ பிசகிவிட்டது. நாம் இரண்டு சொல்லால் பிரிப்பதை ஹங்கேரியர் ஒரே சொல்லில் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அதில் குழப்பமும் வருவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் வினை எது என்று பார்த்தே பொருள் புரிந்துவிடும். ஆகவே ரொஸ்ஸுல் என்பதைத் தனிச்சொல்லாகப் படிக்காமல், வினையோடு சேர்த்து ஒரு முடிச்சாகப் படிப்பதுதான் நல்லது.

‘ரொஸ்ஸுல் அலுத்தம்’: சரியாகத் தூங்கவில்லை. இங்கே தவறு என்று எதுவும் இல்லை, தரம்தான் குறை. ‘ரொஸ்ஸுல் லாத்தொக்’: கண் சரியாகத் தெரியவில்லை. கவனியுங்கள், தமிழில் இவற்றை நாம் ‘சரியாக... இல்லை’ என்று எதிர்மறையில் சொல்கிறோம். ஹங்கேரியன் உடன்பாட்டிலேயே ‘மோசமாகப் பார்க்கிறேன்’ என்கிறது. ‘நெம் லாத்தொக் யோல்’, அதாவது ‘நன்றாகத் தெரியவில்லை’, என்றும் சொல்லலாம். பிழையில்லை, கொஞ்சம் மென்மை. கண் மருத்துவரிடம் இரண்டும் செல்லும்.

அறிவு, நினைவு, கணக்கு சார்ந்த வினைகளோடு வந்தால் பொருள் ‘தவறாக’ என்று திரும்பும். ‘ரொஸ்ஸுல் துதொத்’: நேர்ச்சொல்லில் ‘நீ மோசமாக அறிந்திருக்கிறாய்’, உண்மையில் ‘உனக்குத் தெரிந்தது தப்பு’. ‘ரொஸ்ஸுல் எம்லேக்ஸெம்’: நான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறேன். நினைவாற்றல் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் நினைவு பிசகிவிட்டது, அவ்வளவே.

காது விஷயத்தில் காலமே பொருளை மாற்றும். நிகழ்காலத்தில் ‘ரொஸ்ஸுல் ஹல்லொக்’ என்றால் பொதுவாகக் காது மந்தம். இறந்தகாலத்தில் ‘ரொஸ்ஸுல் ஹல்லொத்தம்’ என்றால் அந்த ஒரு முறை தப்பாகக் காதில் விழுந்தது.

‘ரொஸ்ஸுல் துதொத்’ என்பதைப் பெரியவரிடமோ அலுவலரிடமோ சொல்லக் கூடாது. அது ‘நீ’ வடிவம். ‘நீங்கள்’ வடிவம் ‘ரொஸ்ஸுல் துத்ய’. அப்படியும் நேரடியாக மறுப்பது போலத்தான் இருக்கும். ஹங்கேரியர்களே பழியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு பேசும் ஒரு தொடர் உண்டு, அதைப் பழகிக்கொள்வது நல்லது: ‘லெஹெத், ஹொத்ய் ரொஸ்ஸுல் துதொம், தெ...’ எனக்குத் தெரிந்தது தப்பாகவும் இருக்கலாம், ஆனால்... இதற்குப் பின் எந்த மறுப்பையும் சொல்லலாம், யாருக்கும் மனம் நோகாது.

உடம்பு சரியில்லாதபோது

மூன்றாவது பொருள் அகராதியின் இரண்டு சொல்லிலும் அடங்காது. ‘இரு’ என்ற வினையோடு ரொஸ்ஸுல் சேர்ந்தால் உடல்நிலை. நான் ‘ரொஸ்ஸுல் வத்யொக்’, நீ ‘ரொஸ்ஸுல் வத்ய்’, அவர் ‘ரொஸ்ஸுல் வன்’. முன்பின் தெரியாத ஒருவர் டிராமில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தால் ‘ரொஸ்ஸுல் வன்?’ என்று கேட்கலாம். ஹங்கேரியனில் ‘நீங்கள்’ என்று மரியாதையாகப் பேச ‘அவர்’ வடிவத்தைத்தான் பயன்படுத்துவார்கள்.

இங்கே ஓர் இலக்கண நுட்பம் பிழையைத் தடுக்கும். ஹங்கேரியனில் பெயரடை பயனிலையாக வந்தால் படர்க்கை நிகழ்காலத்தில் ‘வன்’ வராது. ‘பேத்தெர் ரொஸ்ஸ்’: பீட்டர் கெட்டவன். ‘அவன் நல்லவன்’ என்று தமிழில் ‘இருக்கிறான்’ போடாமல் விடுகிறோமே, அதே வழக்கம். வினையடை வந்தால் ‘வன்’ கட்டாயம். ‘பேத்தெர் ரொஸ்ஸுல் வன்’: பீட்டருக்கு உடம்பு முடியவில்லை. ‘வன்’ காதில் விழுந்தால் நிலை, விழாவிட்டால் குணம். ஆனால் தன்மையிலும் முன்னிலையிலும் இந்த உதவி கிடைக்காது. பெயரடை வந்தாலும் வினையடை வந்தாலும் ‘வத்யொக்’, ‘வத்ய்’ வரும். அங்கே ‘உல்’ ஒன்றுதான் காப்பாற்றும். தொடக்கத்தில் சொன்ன ஆபத்து அதனால்தான்.

இந்தத் தொடர் குறிப்பது எல்லா நோயையும் அல்ல. தலைசுற்றல், குமட்டல், மயக்கம் வருவது போன்ற உணர்வு, திடீரென்று முடியாமல் போவது, இவைதான் ரொஸ்ஸுல். மூன்று நாளாகச் சளிக் காய்ச்சல் என்றால் ‘பெத்தெக் வத்யொக்’, நோயாக இருக்கிறேன். ‘எப்படி இருக்கிறாய்’ என்று நண்பர் கேட்கும்போது லேசான சோர்வுக்கெல்லாம் ‘ரொஸ்ஸுல்’ என்று பதில் சொன்னால் அவர் பதறிப்போவார். ‘நெம் துல் யோல்’, அவ்வளவு நன்றாக இல்லை, என்பது அந்த இடத்துக்கு ஏற்ற அளவு. மருத்துவரிடம் ‘ரொஸ்ஸுல் வத்யொக்’ என்பது கதவைத் திறக்கும் வாக்கியம் மட்டுமே. அடுத்து அவர் என்ன செய்கிறது என்று கேட்பார். ‘ஃபாய் அ ஃபெயெம்’ (தலை வலிக்கிறது), ‘ஹாணிங்கெரெம் வன்’ (குமட்டுகிறது) என்று குறிப்பாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

‘ஆகு’ என்ற வினையோடு வந்தால் திடீர் மாற்றம்: ‘ரொஸ்ஸுல் லெத்’, அவருக்கு முடியாமல் போய்விட்டது, பல சமயம் மயங்கிவிட்டார் என்றே பொருள். இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘ரொஸ்ஸுல்லேத்’. புதபெஷ்டின் பேருந்து, மெட்ரோ அறிவிப்புகளில் ‘உத்தஷ்ரொஸ்ஸுல்லேத்’ என்ற நீண்ட சொல்லைப் பார்க்கலாம்: பயணி ஒருவருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டதால் வண்டி தாமதம். ‘உத்தஷ்’ பயணி. சொல்லை உடைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அறிவிப்பு ஒரு நொடியில் புரிந்துவிடும்.

தெருவில் ஒருவர் சரிந்து விழுந்தால் அழைக்க வேண்டிய எண் 112. நேரடியாக ஆம்புலன்ஸ் என்றால் 104. சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: ‘ரொஸ்ஸுல் லெத் எத்ய் எம்பெர்.’ ஒருவருக்கு முடியாமல் போய்விட்டது. பிறகு இடம். ‘ரொஸ்ஸுல் வன்’ என்றாலும் புரியும். ஆனால் ‘லெத்’ என்பது இப்போதுதான் நடந்தது என்ற அவசரத்தையும் சேர்த்துச் சொல்லும்.

‘ரொஸ்ஸுல் ஏர்ஜெம் மகம்’ என்று இன்னொன்று உண்டு: எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. உடம்பாகவும் இருக்கலாம், மனமாகவும் இருக்கலாம். புது ஊரில் தனிமையாக உணர்வதையும் இதே தொடரில் சொல்வார்கள்.

இடம்: வினைக்கு நேர் முன்னால்

தமிழில் வினையடையை எங்கே வைத்தாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ‘என் பேரைத் தப்பா எழுதிட்டீங்க’, ‘தப்பா என் பேரை எழுதிட்டீங்க’ இரண்டும் புரியும். ஹங்கேரியனில் வினைக்கு நேர் முன்னால் உள்ள இடம் ஒரு தனி ஆசனம். வாக்கியத்தின் முக்கியமான செய்தி எதுவோ அது அங்கே உட்காரும். ரொஸ்ஸுல் போன்று குறை சொல்லும் வினையடைகள் சாதாரணமாக அந்த ஆசனத்தைத்தான் கேட்கும். வினை தன் அழுத்தத்தை இழந்து அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பல ஹங்கேரிய வினைகளுக்கு முன்னொட்டு உண்டு. ‘ஈர்’ என்றால் எழுது. ‘லெ’ என்ற முன்னொட்டு சேர்ந்த ‘லெ-ஈர்’ என்றால் எழுதி வை. சாதாரணமாக அந்த முன்னொட்டு வினைக்கு முன்னால் நிற்கும். ரொஸ்ஸுல் வந்தவுடன் முன்னொட்டு எழுந்து வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும்:

‘லெ-ஈர்தாக் அ நெவெமெத்.’ என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.
‘ரொஸ்ஸுல் ஈர்தாக் லெ அ நெவெமெத்.’ என் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள்.

‘ரொஸ்ஸுல் லெ-ஈர்தாக்’ என்று இரண்டையும் முன்னால் நிறுத்துவது கற்பவர்கள் செய்யும் பிழைகளில் முதலிடம் பெறுவது. ‘யோல்’ விஷயத்தில் இந்தக் கட்டாயம் இவ்வளவு கறார் இல்லை. ‘யோல்’ என்பதற்குப் பின் முன்னொட்டு தன் இடத்திலேயே நிற்பதையும் கேட்கலாம். அதைக் கேட்டுவிட்டு ரொஸ்ஸுலுக்கும் அதே விதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஹங்கேரியப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். அவர்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் தமிழருக்கு அந்தக் கட்டங்களில் எதை எங்கே நிரப்புவது என்பதே பிரச்சினை. அடையாள அட்டையில் இடம் மாறி அச்சாகி வந்தால் இந்த வாக்கியம் உடனே தேவைப்படும்.

ஆசனத்தை வேறு யாராவது பிடித்துக்கொண்டால் ரொஸ்ஸுல் வினைக்குப் பின்னால் போகும். கேள்விச்சொல்லுக்கு அந்த உரிமை உண்டு: ‘கி ஈர்த லெ ரொஸ்ஸுல் அ நெவெமெத்?’ என் பெயரைத் தப்பாக எழுதியது யார்? மறுப்புச்சொல் ‘நெம்’ வந்தாலும் அப்படித்தான்: ‘நெம் ஈர்தம் லெ ரொஸ்ஸுல்’, நான் தப்பாக எழுதவில்லை. ‘நீதான்’ என்று ஆளை அழுத்தினாலும் அப்படியே: ‘தெ ஈர்தத் லெ ரொஸ்ஸுல்.’ மூன்றிலும் முன்னொட்டு ‘லெ’ பின்னால்தான் இருக்கிறது பாருங்கள். ஆசனத்தில் யார் இருந்தாலும் அது விலகியே ஆக வேண்டும்.

‘மிகவும்’, ‘கொஞ்சம்’ போன்றவை ரொஸ்ஸுலின் முன்னால் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்: ‘நத்யொன் ரொஸ்ஸுல் அலுத்தம்’, ரொம்பவே மோசமாகத் தூங்கினேன். எதிர்காலத் துணைவினையும் ரொஸ்ஸுலுக்குப் பின்னால்தான்: ‘ரொஸ்ஸுல் ஃபொக்ஸ் யார்னி’, உனக்கு நஷ்டமாகத்தான் முடியும்.

நேர்ச்சொல்லில் புரியாத முடிச்சுகள்

மேலே கடைசியில் வந்த ‘யார்’ வினைக்கு ‘போய்வருதல், நடமாடுதல்’ என்று பொருள். ‘அஜ் ஓராம் ரொஸ்ஸுல் யார்’: என் கடிகாரம் சரியாக ஓடவில்லை. இதில் வியப்பில்லை. ஆனால் ஆளைப் பற்றி ‘ரொஸ்ஸுல் யார்தம்’ என்றால் ‘ஏமாந்துவிட்டேன், இழப்பு எனக்குத்தான்’. பழைய லேப்டாப்பை அதிக விலைக்கு வாங்கி மறுநாளே பழுதானால் சொல்ல வேண்டியது இதுதான்.

‘விழு’ என்ற வினையோடு: ‘ரொஸ்ஸுல் எஷெத்த் நெகெம், அமித் மொந்தால்.’ நீ சொன்னது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இதில் ‘நெகெம்’ என்பது ‘எனக்கு’. நான்காம் வேற்றுமை தமிழில் எந்த இடத்தில் வருகிறதோ அதே இடத்தில் இங்கும் வருகிறது. அதனால் தமிழர் வாயில் இந்த வாக்கியம் சீக்கிரம் படிந்துவிடும். கோபத்தைக் கொட்டாமல் வருத்தத்தைத் தெரிவிக்க இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை.

‘நில்’ என்ற வினையோடு இரண்டு வழி. ‘ரொஸ்ஸுல் ஆல் நெகெத் எஜ் அ ஸீன்’: இந்த நிறம் உனக்கு எடுப்பாக இல்லை. ஆளை விட்டு நிலைமையைப் பற்றிச் சொன்னால், நிலவரம் மோசம். ஆட்டத்தில் நம் அணி பின்தங்கியிருந்தாலும் ‘ரொஸ்ஸுல் ஆலுங்க்’ என்பார்கள். ‘ரொஸ்ஸுல் ஆல் அ ஸேனாய’ என்பது மரபுத்தொடர். ‘அவனுடைய வைக்கோல் மோசமாக நிற்கிறது’ என்பது நேர்ப்பொருள், ‘அவன் பாடு திண்டாட்டம்’ என்பது கருத்து.

‘தாங்கு, சும’ என்ற பொருளில்: ‘ரொஸ்ஸுல் விஷெலெம் அ மெலெகெத்’, எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. சென்னையிலிருந்து போனவர் இதில் கடைசிச் சொல்லை மாற்றிக் குளிருக்குப் பயன்படுத்துவார்: ‘ரொஸ்ஸுல் விஷெலெம் அ ஹிதெகெத்.’

ரொஸ்ஸுல் வராத இடங்கள்

தமிழில் ‘தப்பா’ என்று வரும் இடமெல்லாம் ரொஸ்ஸுல் என்று மாற்றினால் மாட்டிக்கொள்வோம். நம் ‘தப்பா’ மிக அகலமான சொல்.

‘தப்பா ரயில் ஏறிட்டேன்.’ இங்கே ஏறியதில் பிழை இல்லை, ரயில்தான் தப்பு. ஆகவே பெயரடை வேண்டும்: ‘ரொஸ்ஸ் வொனத்ர ஸால்தம்.’ இதில் ரொஸ்ஸுல் போட்டால், படியில் கால் இடறி ஏறியது போல ஆகும். ராங் நம்பரும் இப்படித்தான்: ‘ரொஸ்ஸ் ஸாமொத் ஹீவொத்’, நீங்கள் தவறான எண்ணை அழைத்திருக்கிறீர்கள். சோதனை எளிது. தமிழ் வாக்கியத்தில் ‘தப்பான’ என்று ஒரு பொருளின் முன்னால் வைத்துப் பாருங்கள். ‘தப்பான ரயில்’, ‘தப்பான நம்பர்’ என்று பொருந்தினால் ரொஸ்ஸ். ‘எழுதின விதம் தப்பு’ என்று செயலில் பிழை இருந்தால் ரொஸ்ஸுல். நேரம் தப்பு என்றால் அதற்குத் தனி வடிவம்: ‘ரொஸ்ஸ்கொர்’, வேண்டாத நேரத்தில்.

‘அவன் என்னைப் பத்தித் தப்பாப் பேசினான்.’ இதை ‘ரொஸ்ஸுல் பெஸேல்த்’ என்றால் அவனுக்கு மொழி சரியாக வரவில்லை என்று ஆகிவிடும். புறம் பேசுவதற்கு ரொஸ்ஸ் என்பதைச் செயப்படுபொருளாக்க வேண்டும்: ‘ரொஸ்ஸத் மொந்தொத் ரோலம்’, என்னைப் பற்றிக் கெட்டது சொன்னான். கெட்ட கனவுக்கும் அதே வடிவம்: ‘ரொஸ்ஸத் ஆல்மொத்தம்.’

‘தப்பா நினைக்காதீங்க’ என்று நாம் அடிக்கடி சொல்வோம். அதற்கு ஹங்கேரியன் வேறு வழியில் போகிறது: ‘நெ வெத்யெ ரொஸ்ஸ் நேவென்’, கெட்ட பெயரில் எடுத்துக்கொள்ளாதீர்கள். நண்பரிடம் என்றால் ‘நெ வெத்’. ஆனால் ‘நான் தப்பா நினைச்சுட்டேன்’, அதாவது என் கணிப்புப் பிசகிவிட்டது என்றால், அங்கே ரொஸ்ஸுல் சரி: ‘ரொஸ்ஸுல் கொந்தொல்தம்.’

இன்னொரு பக்கம், ரொஸ்ஸுல் வேண்டிய இடத்தில் ஹங்கேரியரே முன்னொட்டால் வேலையை முடித்துக்கொள்வதும் உண்டு. ‘எல்’ என்ற முன்னொட்டு சில வினைகளில் கைதவறுதலைக் குறிக்கும். ‘எலீர்தாக் அ நெவெமெத்’ என்றால், எழுத்துப் பிழையாகிவிட்டது. ‘ரொஸ்ஸுல் ஈர்தாக் லெ’ என்பதைவிட இது மென்மை. கவனக்குறைவுதான், அறியாமை இல்லை என்று விட்டுக்கொடுக்கிறது. கவுண்டரில் இருப்பவரிடம் வேலை ஆக வேண்டுமென்றால் இதையே சொல்வது நல்லது. ‘ஃபேல்ரெ’ என்றால் ஒதுக்கமாக, பக்கவாட்டில். ‘ஃபேல்ரெஏர்தெத்தேல்’: என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டாய். இதையே ‘ரொஸ்ஸுல் ஏர்தெத்தெத்’ என்றும் சொல்லலாம். முன்னது ஒருவரின் நோக்கத்தைப் பிறழ உணர்ந்ததற்கு அதிகம் வரும், பின்னது சொன்ன தகவலைப் பிசகாக எடுத்துக்கொண்டதற்கு. மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: ‘ஃபேல்ரெபெஸேல்’ என்பது தப்பாகப் பேசுவது இல்லை, காய்ச்சல் வேகத்தில் நோயாளி பிதற்றுவது. உறவினர் அப்படிச் சொன்னால் உடனே கவனிக்க வேண்டும்.

எழுத்தில், குறிப்பாக அறிக்கையிலும் தேர்விலும், ‘பிழையுடன்’ என்பதற்கு ‘ஹிபாஷன்’, ‘தவறான புரிதலால்’ என்பதற்கு ‘தேவெஷென்’ என்ற சொற்கள் இருக்கின்றன. பேச்சில் அவை விறைப்பாக ஒலிக்கும்.

ஒப்பிட்டுச் சொல்லும் வடிவம் சுருக்கமானது. மோசமாக ‘ரொஸ்ஸுல்’, இன்னும் மோசமாக ‘ரொஸ்ஸப்புல்’, எல்லாவற்றையும்விட மோசமாக ‘லெக்ரொஸ்ஸப்புல்’ (இந்த வடிவங்களிலும் அடுத்து வரும் ‘யொப்பன்’ என்பதிலும் மட்டும் ‘ப்ப’ வல்லொலி இல்லை, மென்மையான ப-வின் இரட்டிப்பு). இன்னும் நன்றாக என்பது ‘யொப்பன்’ என்று வருவதால், அதன் ஜோடியாக ‘ரொஸ்ஸப்பன்’ என்று வாய் போகும்; அப்படி ஒரு வடிவம் வழக்கில் இல்லை, ‘உல்’ கடைசிவரை கூடவே வரும். நோயாளியின் மகளோ மனைவியோ வார்டு வாசலில் வந்து ‘எத்ய்ரெ ரொஸ்ஸப்புல் வன்’ என்றால், அவருக்கு நேரம் போகப் போக மோசமாகிக்கொண்டே வருகிறது. வாக்கியத்தை மனதில் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்காமல் எழுந்து போக வேண்டும்.